ஊசியா, ஜெல்லா, இரவு கிரீமா, லேசரா: முகச் சுருக்கத்துக்கு முதல்முறை டாக்டரைப் பார்க்கும் முன்

அக்காவுக்கு 52 வயது. மதுரையில் பள்ளி ஆசிரியை. வைகாசியில் அவள் மகனுக்குக் கல்யாணம். தை மாதம் நிச்சயதார்த்த போட்டோக்கள் வந்த அன்று போனை என் கையில் கொடுத்துச் சொன்னாள்: "நான் சிரிச்சுக்கிட்டுத்தாண்டி நிக்கிறேன். ஆனா இந்த ரெண்டு கோடு, யாரையோ திட்டிட்டு வந்து நின்ன மாதிரி காட்டுது." பொட்டுக்கு இரு பக்கமும் நெட்டுக்குத்தாக இரண்டு கோடுகள். இருபது வருடம் வெயிலில் ஸ்கூட்டி ஓட்டிக் கண்ணைச் சுருக்கியதும், ராத்திரி விடைத்தாள் திருத்தும்போது புருவத்தை நெரித்ததும் அங்கே பதிந்துபோயிருந்தன.

நான் பார்மசிஸ்ட். முகத்துக்கு என்று கேட்டு வருபவர்கள் எதையெல்லாம் வாங்கிப் பூசி அவஸ்தைப்படுகிறார்கள் என்பதை மருந்துக்கடை கவுன்டரில் நின்று தினமும் பார்க்கிறேன். அதனால் டாக்டரிடம் போகும் முன்பே இருக்கிற வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அலசிவிடலாம் என்று இருவரும் உட்கார்ந்தோம். எந்தச் சிகிச்சை நல்லது என்று கேட்கும் முன், நம் முகத்தில் இருப்பது எந்த மாதிரிக் கோடு என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் போனால், அங்கே எதை விற்கிறார்களோ அதையே நமக்குத் தேவை என்று நம்பிவிடுவோம்.

காலை ஒன்பது மணிக்கு ஜன்னலோரம் கைக்கண்ணாடியோடு அக்காவை உட்காரவைத்தேன். தலைக்கு மேலே எரியும் டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லார் முகமும் பத்து வயது கூடித் தெரியும். பக்கவாட்டில் வரும் பகல் வெளிச்சம்தான் சரி. முதலில் முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு புருவத்தை நெரித்து, பிறகு உயர்த்தி, கடைசியில் நன்றாகச் சிரிக்கச் சொன்னேன். கண்ணோரத்துக் கோடுகள் சிரிக்கும்போது வந்தன, சிரிப்பு போனதும் போயின. புருவ நடுவே இருந்தவை முகம் சும்மா இருக்கும்போதும் லேசாகத் தெரிந்தன, நெரித்தால் ஆழமாயின. மூக்கோரத்தில் தொடங்கி வாயோரம் வரை இறங்கும் மடிப்பு எப்போதும் அப்படியே இருந்தது; கன்னத்தை விரலால் கொஞ்சம் மேலே தூக்கினால் மட்டும் மறைந்தது. கன்னத்தில் மெல்லிய கசங்கலும் வெயில் கருமையும். ஒரே முகத்தில் நான்கு விதச் சிக்கல். நான்குக்கும் ஒரே மருந்து கிடையாது.

தளர்த்தும் ஊசியும் நிரப்பும் ஜெல்லும்

மக்கள் அதிகம் குழப்பிக்கொள்வது இந்த இரண்டைத்தான். "ஊசி போட்டா சுருக்கம் போயிடும்" என்று பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஆனால் வேலை செய்யும் விதத்தில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

போடாக்ஸ் என்று எல்லோரும் சொல்வது பொட்டுலினம் டாக்சின். நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற பொருள் வெளியே வராமல் அது தடுத்துவிடும். செய்தி வராததால் தசை இறுகாது, மேலே இருக்கும் தோலும் மடியாது. மாறுகண்ணுக்கும், கண்ணிமை தானாக இறுகிக்கொள்ளும் நோய்க்கும் 1989-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து இது. கனடாவின் வான்கூவரில் கண் மருத்துவர் ஜீன் கருதர்ஸ் அந்த இமை நோய்க்கு ஊசி போட்டபோது புருவ நடுக் கோடுகளும் மறைவதைக் கவனித்தார். தோல் மருத்துவரான கணவர் அலஸ்டேரோடு சேர்ந்து 1992-ல் அதை எழுதி வெளியிட்டார். புருவ நடுக் கோட்டுக்கென்றே அமெரிக்க அனுமதி கிடைத்தது 2002-ல். ஆக, அக்கா கவலைப்பட்ட அதே இரண்டு கோடுகளில்தான் இந்தச் சிகிச்சையின் கதையே தொடங்குகிறது.

ஃபில்லர் என்பது பெரும்பாலும் ஹயலுரானிக் அமில ஜெல். தசையை அது தொடுவதில்லை. வயதோடு வற்றிப்போன இடத்தில் உட்கார்ந்து தோலைத் தூக்கி நிறுத்தும். அக்காவின் மூக்கோர மடிப்பு கன்னச் சதை குறைந்து இறங்கியதால் வந்தது. அங்கே டாக்சின் போட்டுப் பயனில்லை, ஜெல்தான் பொருந்தும்.

கால அளவிலும் வித்தியாசம் உண்டு. டாக்சின் போட்ட அன்று கண்ணாடியில் எந்த மாற்றமும் தெரியாது. மூன்று நான்கு நாளில் ஆரம்பித்து இரண்டு வாரத்தில் முழுப் பலன் வரும், மூன்று நான்கு மாதத்தில் கரைந்து பழைய நிலை திரும்பும். ஜெல்லின் மாற்றம் எழுந்திருக்கும்போதே தெரியும். வீக்கம் வடிய சில நாள் ஆகும். ஜெல்லைப் பொறுத்தும் இடத்தைப் பொறுத்தும் ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை நிற்கும்.

தப்பு நடந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். டாக்சின் பக்கத்துத் தசைக்குப் பரவினால் கண்ணிமை தொங்கலாம். பார்க்கச் சங்கடமாக இருக்கும். அதைத் திருப்பி எடுக்க மருந்து இல்லை. ஆனால் சில வாரங்களில் தானே சரியாகும். ஜெல்லுக்கு மாற்று மருந்து இருக்கிறது: ஹயலுரானிடேஸ் என்ற நொதி அதைக் கரைத்துவிடும். ஆனால் ஜெல் ரத்தக்குழாய்க்குள் போய் அடைத்தால் தோல் அழுகலாம், மிக அரிதாகப் பார்வையே போகலாம். அந்த ஆபத்து மிக அதிகமாக இருக்கும் இடங்களில் புருவ நடுவும் ஒன்று. அங்கே ஜெல் போடலாம் என்று யாராவது சாதாரணமாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள் என்பது என் கருத்து. மூக்கோரத்துக்கு ஜெல் என்று முடிவானாலும், "ஹயலுரானிடேஸ் இப்போ இங்க ஃபிரிட்ஜ்ல இருக்கா டாக்டர்?" என்று கேட்கத் தயங்கவே கூடாது. "தேவைப்பட்டா வரவழைச்சுக்கலாம்" என்று பதில் வந்தால் அது போதாது. அடைப்பு வந்தால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

மெதுவான வழி

இரவு கிரீம் என்று நான் சொல்வது ட்ரெட்டினாயின். விளம்பரத்தில் வரும் டப்பா கிரீம்களை இந்த வரிசையில் நான் சேர்க்கவில்லை. பருவுக்காக வந்த மருந்து இது. மெல்லிய சுருக்கத்துக்கும் பயன்படும் என்று அமெரிக்காவில் 1995-ல் அனுமதி கிடைத்தது. நம் ஊரில் டாக்டர் சீட்டோடுதான் வாங்க வேண்டும். விலையில் ஊசிக்குப் பக்கத்திலேயே வராது, அவ்வளவு குறைவு. பொறுமைதான் இதற்கு விலை. மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், முதல் சில வாரம் தோல் சிவந்து உரியும், பட்டாணி அளவுக்கு மேல் எடுத்தால் எரியும். கர்ப்பமாக இருப்பவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் தொடக்கூடாது. புருவ நடுக் கோட்டை இதனால் அழிக்க முடியாது. ஆனால் அக்காவின் கன்னத்துக் கசங்கலுக்கு டாக்சினைவிட இதுதான் பொருத்தம்.

கூடவே சன்ஸ்கிரீன். ஆஸ்திரேலியாவின் நம்பூர் ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நாலரை வருடம் கவனித்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். தினமும் பூசியவர்களுக்குத் தோல் மூப்பு, விருப்பப்பட்டபோது மட்டும் பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவு. ஊசிக்குப் பணம் கட்டிவிட்டு, மறுநாள் வெறும் முகத்தோடு பைபாஸ் ரோட்டில் ஸ்கூட்டி ஓட்டுவதில் அர்த்தமில்லை.

லேசரைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. ஆழமான சுருக்கத்துக்குப் பலன் தரும். ஆனால் நம் மாநிறத் தோல் சூடுபட்டால் கறுக்கும் தோல். அந்தக் கருமை மாறச் சில மாதங்கள் பிடிக்கும். வைகாசியில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு மாசியில் லேசர் வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

இலவச ஆலோசனையும் காசு கட்டும் ஆலோசனையும்

இரண்டு இடத்துக்குப் போனோம். முதல் இடத்தில் ஆலோசனை இலவசம். ஏசி ஹாலில் காத்திருந்து உள்ளே போனால், பேசியவர் டாக்டர் இல்லை. ஒரு மெஷினில் முகத்தை வைத்துப் படமெடுத்து, திரையில் பெரிதாக்கிக் காட்டினார். அந்த அளவுக்குப் பெரிதாக்கினால் குழந்தையின் தோலும் பயமுறுத்தும். அக்கா முகம் வாடிவிட்டது. உடனே ஒரு பேக்கேஜ்: ஊசி, பீல் (ரசாயனம் பூசி மேல்தோலை உரிப்பது), லேசர் மூன்றும் சேர்த்து, இன்றைக்கே கட்டினால் 20 சதவீதம் தள்ளுபடி. டாக்டர் வந்தது நாற்பது நிமிடம் கழித்து. இருந்தது இரண்டு நிமிடம். அக்கா பையிலிருந்து கார்டை எடுத்துவிட்டாள். "வீட்ல கலந்துக்கிட்டு வர்றோம்" என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். இலவசம் என்ற சொல் எவ்வளவு அழுத்தத்தை உள்ளே வைத்திருக்கிறது என்பதை அன்றைக்குப் பார்த்தேன்.

இரண்டாவது, எம்டி டிவிஎல் படித்த தோல் டாக்டர். பெயரைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் போனோம். ஆலோசனைக்கு 600 ரூபாய். புருவத்தை நெரிக்கச் சொன்னார், கண்ணை மூடச் சொன்னார். புருவத்தைத் தன் விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு இமையை மட்டும் திறக்கச் சொன்னார். அப்புறம் சொன்னார்: "உங்களுக்கு இமை லேசா இறங்கியிருக்கும்மா. நெத்தித் தசையாலதான் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க. நெத்தியில ஊசி போட்டா கண்ணு பாரமாயிடும். புருவ நடுவுல மட்டும் போதும்." முதல் இடத்தின் பேக்கேஜில் நெற்றி முழுக்க ஊசி இருந்தது. அந்த 600 ரூபாய்க்கு எங்களுக்குக் கிடைத்தது இதுதான்.

பியூட்டி பார்லரில் ஊசி போடுகிறார்கள் என்றால் ஒப்பிடவே வேண்டாம். போகாதீர்கள்.

இந்தச் சந்திப்புக்கு அக்கா ஒரு மஞ்சப்பை கொண்டுபோனாள். தினமும் சாப்பிடும் மாத்திரை அட்டைகள், பூசும் எல்லா கிரீம்களும், பத்து வருடம் முந்தைய ஒரு போட்டோ, கல்யாணத் தேதி எழுதிய தாள். மாத்திரையில் எக்கோஸ்பிரின் 75 இருந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை என்பதால் ஊசி இடத்தில் ரத்தம் கட்டும். ஆனால் இதய டாக்டர் எழுதியதை அழகுக்காக நாமாக நிறுத்தக்கூடாது. நிறுத்தாமலேயே போடலாம், கொஞ்சம் கன்றிப்போகும், தெரிந்துகொள்ளுங்கள் என்றார் டாக்டர். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ மாத்திரைகளையும் சொல்ல வேண்டும். தசைத் தளர்ச்சி நோயான மயஸ்தீனியா கிராவிஸ் இருந்தாலோ, கர்ப்பமாகவோ பால் கொடுத்துக்கொண்டோ இருந்தாலோ, வாயோரத்தில் அடிக்கடி அக்கி போலக் கொப்புளம் வந்தாலோ, தழும்பு தடித்து வளரும் உடம்பாக இருந்தாலோ மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கிரீம்களை எடுத்துப்போகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்டீராய்டு கலந்த கிரீமைச் சிவப்பழகு கிரீம் என்று நினைத்து வருடக்கணக்கில் பூசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2018-ல் அரசு பல ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருந்துச்சீட்டுப் பட்டியலில் சேர்த்த பிறகும், பெயர் எழுதிய பழைய டியூபை நீட்டி "இதே கொடுங்க" என்பவர்கள் குறையவில்லை. அந்தத் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிய நிற்கும். லேசரோ பீலோ போகும் முன் டாக்டருக்கு அது கட்டாயம் தெரிய வேண்டும்.

விலையை இரண்டு விதமாகச் சொல்வார்கள்: யூனிட்டுக்கு இவ்வளவு, அல்லது ஓர் இடத்துக்கு இவ்வளவு. நான் யூனிட் கணக்கைத்தான் விரும்புவேன், போட்டது எவ்வளவு என்று பில்லில் நிற்கும். ஆனால் ஒரு பிராண்டின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் சமமில்லை. புருவ நடுவுக்கு போடாக்ஸில் வழக்கமான அளவு ஐந்து புள்ளிகளில் 20 யூனிட். அதே இடத்துக்கு டிஸ்போர்ட் என்ற இன்னொரு பிராண்டில் 50. யூனிட் விலை குறைவு என்று இரண்டாவதைப் பார்த்து மயங்கினால் கணக்கு தப்பும். பிராண்ட் எது, குப்பியைக் கண்ணெதிரே திறப்பார்களா, ஊசி போடப்போவது யார், இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்பதற்குத் தனிக் கட்டணமா, ஜிஎஸ்டி சேருமா என்று அக்கா நோட்டில் எழுதி வைத்துக் கேட்டாள். டாக்டர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். காப்பீட்டில் இது வராது என்பதையும் அவரே சொன்னார்.

அக்கா எடுத்த முடிவு இது. ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம் அன்றிரவே தொடங்கினாள், முதலில் வாரம் இரண்டு நாள். கல்யாணத்துக்கு முன் பார்லரில் த்ரெட்டிங் என்றால் அதற்கு ஒரு வாரம் முன்பே இந்தக் கிரீமை நிறுத்த வேண்டும். மூக்கோர ஜெல் வேண்டாம் என்றாள்: "அது அம்மா முகத்துல இருந்த கோடுடி. இருந்துட்டுப் போகட்டும்." புருவ நடு ஊசி பங்குனிக் கடைசியில். பலன் முழுதாக வரவும், கன்றியது ஆறவும், ஏதாவது கோணலாகத் தெரிந்தால் சரிசெய்யவும் அது போதுமான இடைவெளி. போட்ட அன்று தேய்க்கக்கூடாது, நாலு மணி நேரம் படுக்கவோ குனிந்து நிற்கவோ கூடாது. கோவிலில் விழுந்து கும்பிடுவதையும் மஞ்சள் பூசிக் குளிப்பதையும் மறுநாளைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர்.

அன்றைக்கு நானும் கூடப் போனேன். நாற்காலியில் சாய்வதற்கு முன் அக்கா ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, சுவரில் இருந்த கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிவைத்தாள். வெளியே வந்ததும் பழக்கத்தில் கை அதை எடுக்கப் போனது. "இன்னிக்கு வேண்டாம்மா" என்றார் டாக்டர்.