கேஸ் ஸ்டேஷன் ஏ/பி ஆபரேட்டர் பயிற்சி: காசு கட்டும் முன் மாநிலத்தைப் பாருங்கள்

அமெரிக்காவில் கேஸ் ஸ்டேஷன் (பெட்ரோல் பங்க்) வாங்கியவருக்கு முதல் மாதத்திலேயே ஒரு காகிதம் தேவைப்படும்: நிலத்தடி டேங்குகளுக்கான ஏ வகுப்பு, பி வகுப்பு ஆபரேட்டர் சான்றிதழ். இதற்கான ஆன்லைன் பயிற்சிகள் நிறையவே விற்பனைக்கு இருக்கின்றன. வீட்டில் உட்கார்ந்து சில மணி நேரம் ஸ்லைடுகளைப் பார்த்து, கேள்விகளுக்கு விடை குறித்து, அன்றைக்கே சான்றிதழை அச்செடுத்துக்கொள்ளலாம். பாடம் என்ற அளவில் இவற்றில் பெரும்பாலானவை மோசமில்லை. எல்லா மாநிலத்துக்கும் ஒன்றே போதும் என்று நினைத்து வாங்கும்போதுதான் பணம் வீணாகிறது. சான்றிதழ் தருவது பயிற்சி நிறுவனம். அது செல்லுமா என்று சொல்ல வேண்டியது மாநிலம்.

எல்லாருக்கும் பொதுவான அடித்தளம் கூட்டாட்சி விதிதான். 2005ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கைச் சட்டம் ஆபரேட்டர் பயிற்சியை மாநிலங்களின் பொறுப்பில் விட்டது. பிறகு 2015இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ. தன் டேங்க் விதிகளைத் திருத்தியபோது பயிற்சியை அதிலேயே சேர்த்தது. அந்த விதிப்படி ஏ வகுப்பு என்பது பதிவு, காப்பீடு, ஆவணம் என ஒட்டுமொத்தப் பொறுப்பு. பி வகுப்பு என்பது கருவிகளை அன்றாடம் பராமரிப்பது. சி வகுப்பு கவுண்ட்டரில் நிற்பவருக்கு. அலாரம் அடித்தாலோ எரிபொருள் கொட்டினாலோ முதலில் கை வைப்பவர் அவர்தான். ஏ, பி பொறுப்பை ஏற்றவர் 30 நாளுக்குள் பயிற்சி முடிக்க வேண்டும். சி வகுப்புக்கு அந்தச் சலுகை கிடையாது, வேலையில் நிற்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். ஒரே ஆள் மூன்று வகுப்பையும் வைத்துக்கொள்ளலாம். சிறிய ஸ்டேஷன்களில் பெரும்பாலும் அப்படித்தான்.

தனியார் ஆன்லைன் பாடங்கள் இந்த அடித்தளத்தை ஒழுங்காகவே கற்றுத் தருகின்றன. ஏ, பி இரண்டையும் சேர்த்தே எடுத்துவிடுவது நல்லது. ஏ மட்டும் வைத்திருக்கும் முதலாளிக்கு இன்ஸ்பெக்டர் என்ன பேசுகிறார் என்பதே பாதி புரியாது. பாடம் நல்லதா என்று பார்க்க ஒரு எளிய வழி, 30 நாளுக்கு ஒருமுறை ஸ்டேஷனைச் சுற்றிப் பார்க்கும் பரிசோதனைக்கு அது எவ்வளவு இடம் ஒதுக்குகிறது என்று பார்ப்பது. டேங்கர் எரிபொருள் இறக்கும் ஃபில் குழாயைச் சுற்றி, சிந்துவதைப் பிடிக்க வைத்திருக்கும் ஸ்பில் பக்கெட்டில் தண்ணீர், மண், எரிபொருள் எதுவும் நிற்கக்கூடாது. வெடிப்பு இருக்கக்கூடாது. மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். ஃபில் குழாய்க்குள் எதுவும் செருகியிருக்கக்கூடாது. கசிவறி கருவியில் அலாரம் நிலுவையில் இல்லை என்பதையும், பதிவேடு இன்றைய தேதி வரை இருக்கிறது என்பதையும் பார்த்து எழுதி வைக்க வேண்டும். சம்ப்களையும் (குழாய் இணைப்புகள் இருக்கும் நிலத்தடித் தொட்டிகள்), அளவுகோல் குச்சி போன்ற கைக்கருவிகளையும் ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் போதும். பதிவை ஓராண்டு வைத்திருக்க வேண்டும்.

இதைப் பட்டியலாக மட்டும் காட்டும் பாடமும் இருக்கிறது, காரணத்தோடு காட்டும் பாடமும் இருக்கிறது. உதாரணத்துக்கு ஃபில் குழாய். உள்ளே இறங்கும் டிராப் டியூபில் டேங்க் 95 சதவீதம் நிறைந்ததும் தானாக மூடிக்கொள்ளும் வால்வு இருக்கும். லோடு முழுவதையும் இறக்கிவிட அவசரப்படும் டிரைவர் ஒரு குச்சியை உள்ளே விட்டு அந்த வால்வைத் திறந்தே நிறுத்திவிடுவது இந்தத் தொழிலில் தெரிந்த கதை. அந்தக் குச்சி அங்கேயே கிடந்தால் அடுத்த லோடில் டேங்க் பொங்கி வழியும். "தடை இருக்கிறதா பார்க்கவும்" என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் இருப்பது இதுதான். படம் போட்டு இதைச் சொல்லும் பாடத்துக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம்.

இந்தப் பாடங்கள் பொதுவாகச் சறுக்கும் இடம் ஏ.டி.ஜி. எனப்படும் டேங்க் அளவுக் கருவி. மணிக்கு 0.2 கேலன் கசிவைக் கண்டுபிடிக்கும் சோதனை 30 நாளுக்கு ஒரு முறை "பாஸ்" ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இந்தச் சோதனை நடக்க டேங்கில் போதிய எரிபொருள் வேண்டும், பம்ப் ஓடாத சில மணி நேரமும் வேண்டும். 24 மணி நேரமும் விற்கும் ஸ்டேஷனில் அந்த அமைதி நேரமே கிடைக்காது. அங்கே விற்பனை இடைவெளிகளைச் சேர்த்துக் கணக்கிடும் தொடர் சோதனை மென்பொருள் தேவை. பிரீமியம் (உயர்ரக பெட்ரோல்) டேங்கின் கதை வேறு. விற்பனை மெதுவாக இருப்பதால் அளவைக் குறைத்தே வைத்திருப்பார்கள், சோதனைக்குத் தேவையான மட்டத்தை அது எட்டவே எட்டாது. கசிவு ஒரு சொட்டு இல்லாமலும் மாதம் முழுக்க செல்லுபடியாகும் முடிவு ஒன்றுகூட இருக்காது. அதுவே விதிமீறல். மாதத்தின் 20ஆம் தேதிக்குள் ஒவ்வொரு டேங்குக்கும் "பாஸ்" வந்துவிட்டதா என்று பார்த்தால், மிச்ச நாளில் லோடு வரவழைத்துச் சரிசெய்ய முடியும். இன்னொன்று, கருவி துப்பும் வெப்பத்தாள் ரசீது நாளடைவில் வெளுத்துவிடும். அச்சான அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.

டேங்கிலிருந்து அழுத்தத்தோடு எரிபொருள் போகும் குழாயில் கசிவைப் பிடிக்கும் லைன் லீக் டிடெக்டரும் பல பாடங்களில் ஒரு படத்தோடு முடிந்துவிடுகிறது. அது 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் மணிக்கு 3 கேலன் கசிவை ஒரு மணி நேரத்துக்குள் பிடிக்க வேண்டும். ஆண்டுச் சோதனையில் டெக்னீஷியன் நிமிடத்துக்குச் சுமார் 189 மில்லிலிட்டர் ஒழுகும்படி செயற்கைக் கசிவை உண்டாக்கிப் பார்க்க வேண்டும். வால்வைத் திறந்து மூடிவிட்டு "ஓகே" எழுதிப் போனால் அது சோதனையே அல்ல. இந்த எண் தெரிந்த முதலாளி பக்கத்தில் நின்றால் வேலை ஒழுங்காக நடக்கும். சம்புக்குள் திரவம் சேர்ந்தால் அலாரம் அடிக்கும் சென்சரும் அதே ரகம். மழை நீரால் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கிறது என்று சென்சரை மேலே தூக்கிக் கட்டிவிடுவார்கள். இன்ஸ்பெக்டர் மூடியைத் திறந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இதுவரை சொன்னது நாடு முழுக்கப் பொருந்தும். இனி மாநிலங்கள்.

முதல் குழப்பமே யாரிடம் கேட்பது என்பதில் வருகிறது. டெக்சஸில் இது சுற்றுச்சூழல் ஆணையமான டி.சி.இ.க்யூ.வின் வேலை. இல்லினாயில் மாநிலத் தீயணைப்பு மார்ஷல் அலுவலகம். விஸ்கான்சினில் வேளாண் துறை. ஓக்லஹோமாவில் எண்ணெய், எரிவாயுவைக் கவனிக்கும் கார்ப்பரேஷன் கமிஷன். பழங்குடி நிலங்களில் மாநிலத்துக்கு அதிகாரமே இல்லை, இ.பி.ஏ. நேரடியாகக் கவனிக்கிறது. பாடம் விற்கும் தளத்தில் இருக்கும் "அங்கீகரிக்கப்பட்டது" என்ற முத்திரையை வைத்து முடிவெடுக்காமல், இந்த அலுவலகத்தின் பட்டியலில் பாடத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

டெக்சஸில் தனியார் ஆன்லைன் பாடம் நன்றாகவே வேலை செய்கிறது, டி.சி.இ.க்யூ. பட்டியலில் இருந்தால் போதும். ஆனால் ஏ, பி சான்றிதழ் மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும். கூட்டாட்சி விதியில் காலாவதி கிடையாது, மீறல் கண்டுபிடிக்கப்பட்டால் மட்டுமே மறுபயிற்சி. "ஒருமுறை படித்தால் போதும்" என்று சொல்லி விற்கும் பாடத்தை டெக்சஸ்காரர் வாங்கினால் நான்காம் ஆண்டில் மாட்டிக்கொள்வார். அங்கே ஆண்டுதோறும் சுயசான்று கொடுத்து டெலிவரி சான்றிதழும் வாங்க வேண்டும். அது செல்லுபடியாக இல்லையென்றால் டேங்கர் எரிபொருள் இறக்கக்கூடாது. பயிற்சி, பதிவு, டெலிவரி மூன்றின் தேதியையும் ஒரே காலண்டரில் குறித்து வைப்பது புத்திசாலித்தனம். நல்ல பயிற்சி நிறுவனம் காலாவதிக்கு முன் நினைவூட்டல் அனுப்பும். அனுப்புமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கலிஃபோர்னியாவில் ஆன்லைன் பாடம் முடித்த சான்றிதழை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அங்கே ஐ.சி.சி. (இன்டர்நேஷனல் கோட் கவுன்சில்) நடத்தும் கலிஃபோர்னியாவுக்கே உரிய தேர்வில் தேறியவர்தான் "டெசிக்னேட்டட் ஆபரேட்டர்", அதாவது ஸ்டேஷனின் டேங்க் பரிசோதனைக்குப் பொறுப்பானவர், ஆக முடியும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி எழுத வேண்டும். பாடத்தைத் தேர்வுக்கான தயாரிப்பாக வாங்கலாம், அவ்வளவே. இதனால் பல முதலாளிகள் மாதக் கட்டணத்துக்கு ஒரு சர்வீஸ் கம்பெனியின் ஆளை வைத்துக்கொள்கிறார்கள். என் பார்வையில் இந்த விஷயத்தில் மிகக் கவனமாக மதிப்பிட வேண்டிய சேவை இதுதான். 30 நாளுக்கு ஒருமுறை வரும் அந்த ஆள் கடந்த பரிசோதனைக்குப் பிறகு வந்த அலாரம் வரலாற்றை எடுத்து, ஒவ்வொரு அலாரத்துக்கும் யார் என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். அலாரம் வந்தும் சர்வீஸ் நடந்த பதிவு இல்லாத சம்பைத் திறந்து பார்க்க வேண்டும். ஸ்பில் பக்கெட், டிஸ்பென்சர் அடித்தொட்டி, சோதனைத் தேதிகள், ஊழியர் பயிற்சி எல்லாம் அவர் பட்டியலில் உண்டு. பத்து நிமிடத்தில் கவுண்ட்டரிலேயே படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்கிப் போகிறவரை மாற்றிவிடுங்கள். அபராதம் ஸ்டேஷனின் மேல்தான் விழும்.

ஊழியர் பயிற்சியும் அங்கே தனி. அதை டெசிக்னேட்டட் ஆபரேட்டரே நடத்த வேண்டும், 12 மாதத்துக்கு ஒருமுறை. மற்ற மாநிலத்தில் வாங்கிய சி வகுப்புச் சான்றிதழை அங்கே நீட்டிப் பயனில்லை. கருவிச் சோதனைகளும் கடுமை. ஸ்பில் பக்கெட்டைக் கூட்டாட்சி விதி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்கிறது, கலிஃபோர்னியா ஆண்டுதோறும் கேட்கிறது. ஒற்றைச் சுவர் டேங்குகளை 2025 டிசம்பர் 31க்குள் மூடவேண்டும் என்ற சட்டத்தை அந்த மாநிலம் 2014லேயே போட்டது. அங்கே பழைய ஸ்டேஷன் வாங்குவதாக இருந்தால் பயிற்சிச் செலவெல்லாம் பிறகு, முதலில் டேங்க் ஆவணத்தைக் கேளுங்கள். ஃப்ளோரிடா ஒற்றைச் சுவர் விஷயத்தை 2009இலேயே முடித்துவிட்டது.

நியூயார்க்கில் ஏ, பி தேர்வை மாநிலச் சுற்றுச்சூழல் துறையே நடத்துகிறது. தனியார் சான்றிதழ் அதற்கு மாற்றாகாது. வட கரோலினாவில் ஏ, பி, சி என்ற பெயர்களே இல்லை. "பிரைமரி ஆபரேட்டர்", "எமர்ஜென்சி ரெஸ்பான்ஸ் ஆபரேட்டர்" என்பார்கள், பயிற்சியையும் மாநிலமே நடத்துகிறது. டென்னஸியின் "டேங்க் ஹெல்பர்" இவை எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது. உங்கள் ஸ்டேஷனில் எந்த டேங்க், எந்தக் குழாய், எந்தக் கசிவறி கருவி என்று கேட்டு, அதற்கேற்ற பராமரிப்புத் திட்டத்தையே கையில் தந்துவிடுகிறது. இல்லாத கருவிகளைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். தனியார் நிறுவனங்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். இப்படி மாநிலமே தரும் இடத்தில் தனியாருக்குப் பணம் கொடுப்பது தேவையற்ற செலவு.

பென்சில்வேனியாவில் கதை இன்னொரு விதம். மாநிலம் சான்றளித்த தனி இன்ஸ்பெக்டரை முதலாளியே பணம் கொடுத்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரவழைக்க வேண்டும். பயிற்சிச் சான்றிதழை அவர் அப்போது கேட்பார். அதனால் அங்கே பாடம் வாங்கும்போது இன்ஸ்பெக்ஷன் தேதியையும் சேர்த்தே யோசியுங்கள்.

இரண்டு மாநிலத்தில் ஸ்டேஷன் வைத்திருப்பவருக்கு "பல மாநிலப் பேக்கேஜ்" விற்பார்கள். பெரும்பாலும் பொதுப் பாடம் ஒன்று, அதன் மேல் மாநிலத்துக்கு ஒரு சிறு பகுதி. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சான்றிதழ் வருமா, அதில் மாநிலத்தின் பெயர் அச்சாகுமா என்று முன்பே கேளுங்கள். ஒரே சான்றிதழ்தான் வரும் என்றால் பேக்கேஜால் லாபமில்லை.

மதிப்பெண் போடுவதென்றால், மாநிலப் பட்டியலில் இருக்கும் தனியார் ஏ/பி பாடத்துக்கு 5க்கு 3.5. மாநிலமே நடத்தும் பயிற்சிக்கு 4.5. தனியார் சி வகுப்புப் பாடத்துக்கு 2.

சி வகுப்புக்கு இவ்வளவு குறைவாகப் போடக் காரணம் உண்டு. கூட்டாட்சி விதிப்படி சி வகுப்பு ஆபரேட்டருக்கு உங்கள் ஏ அல்லது பி ஆபரேட்டரே பயிற்சி கொடுத்து, புரிந்ததா என்று சோதித்துப் பதிவு செய்யலாம். பல மாநிலங்கள் இதை ஏற்கின்றன. கவுண்ட்டரில் தமிழ்ப் பையன் நிற்கிறான் என்றால் தமிழிலேயே சொல்லிக்கொடுக்கலாம். ஆன்லைன் பாடத்தால் செய்ய முடியாத வேலை இதுதான்: அவசர நிறுத்த பட்டன் இந்தக் கடையில் எந்தச் சுவரில் இருக்கிறது என்று கையைப் பிடித்துக் காட்டுவது. உறிஞ்சும் பொருள் வைத்திருக்கும் வாளியைத் திறந்து காட்டுங்கள். ஏ.டி.ஜி. அலாரத்தை அமுக்கி அணைத்துவிட்டு வியாபாரத்தைத் தொடரக்கூடாது, முதலில் பி ஆபரேட்டரை அழைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். தீ அல்லது பெரிய கொட்டல் என்றால் 911. கொட்டியது 25 கேலனைத் தாண்டினாலோ கசிவு என்று சந்தேகம் வந்தாலோ 24 மணி நேரத்துக்குள் மாநிலத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே மாநில அலுவலகத்தின் எண்ணும் பட்டனுக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கட்டும். பெயர், வகுப்பு, பொறுப்பேற்ற தேதி, பயிற்சி பெற்ற தேதி நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கோப்பில் வையுங்கள். அந்த ஆள் வேலையில் இருக்கும்வரை அந்தத் தாள் அங்கேயே இருக்க வேண்டும்.