80 பைசா வட்டியும் முங்குன வண்டியும்

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கம் பழைய கார் தேடிக்கொண்டிருப்பவர்கள், அதிலும் "ரெண்டு வருஷ வண்டி, புதுசு மாதிரி" என்று யாராவது காட்டிக்கொண்டிருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். விற்ற கடையின் பெயரும் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரும் இதில் இருக்காது. விவகாரம் நுகர்வோர் கமிஷனுக்குப் போகிறது, அதனால் வேண்டாம்.

எனக்கு ஊர் களக்காடு. அம்மாவை மாதம் மூன்று தடவையாவது பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். முழங்கால் வலியோடு அம்மா பஸ் படியில் ஏறுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் வீட்டில் கார் பேச்சு ஆரம்பித்தது. கையில் இரண்டு லட்சம் இருந்தது. புதுசு நமக்கு எட்டாது என்று விசாரிக்காமலே நானாக முடிவு கட்டிக்கொண்டேன். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது பின்னால் வருகிறது. வேகன் ஆர், ஸ்விஃப்ட், ஐ10 நியோஸ், டியாகோ என்று நான்கை மனதில் வைத்துக்கொண்டு அலைந்தேன். எடுத்தது அந்த நான்கில் ஒன்று. எது என்பது இங்கே முக்கியமில்லை, கார் கம்பெனி மேல் ஒரு தப்பும் கிடையாது.

2025 அக்டோபர், தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அந்தக் கடைக்குப் போனேன். வெள்ளை நிற வண்டி. 2023 ஆகஸ்ட் பதிவு, மீட்டரில் 18,400 கிலோமீட்டர். தூத்துக்குடி நம்பர், டிஎன் 69. "டாக்டரம்மா வண்டி அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்தான் ஓடுச்சு. சிங்கிள் ஓனர்" என்றார் கடைப் பையன். இந்த வட்டாரத்தில் விற்பனைக்கு வருகிற பாதி வண்டிகள் டாக்டர்கள் ஓட்டியவைதான், கவனித்திருப்பீர்கள். அத்தனை டாக்டர்கள் எப்படி வைத்தியம் பார்க்கிறார்களோ! உள்ளே எலுமிச்சை வாசனைத் திரவம் தொங்கிக்கொண்டிருந்தது. சீட் கவர் புதுசு. கீழே விரித்த மேட்டும் புதுசு. புதுசாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். இரண்டு வருஷ வண்டிக்கு எதற்குப் புது மேட் என்று கேட்கத் தோன்றவில்லை.

விலை 5,60,000. மைத்துனன் போனில், "அத்தான், ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய்ப் பார்த்துட்டு எடுங்க" என்றான். கடையில் அதைச் சொன்னதும், "தாராளமா கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி. ஆனா சாயங்காலம் வள்ளியூர் பார்ட்டி ஒருத்தர் டோக்கன் போட வாராரு" என்றார்கள். அதே மூச்சில் லோன் பேச்சு தொடங்கிவிட்டது. நிறுவனத்தின் ஆள் அங்கேயே ஒரு மேஜையில் உட்கார்ந்திருந்தார். ஆதார், பான், ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்தில் சாங்ஷன். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தது பத்து நிமிஷம், அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தது இரண்டு மணி நேரம். இப்போது நினைத்தால், கடன் அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததுதான் என்னை வண்டியைப் பார்க்கவிடாமல் செய்தது. என் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கிக்குப் போயிருந்தால் ஒரு வாரம் இழுத்திருப்பார்கள், வண்டியை மதிப்பிட ஆள் அனுப்பியிருப்பார்கள். அந்த ஆள் மேட்டைத் தூக்கிப் பார்த்திருப்பார்.

கடன் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

"நூத்துக்கு 80 பைசா வட்டி அண்ணாச்சி." நம் ஊரில் வட்டியைப் பைசாவில்தானே பேசுவோம். மூன்று வட்டி, நாலு வட்டி கேட்டே பழகிய காதுக்கு 80 பைசா என்பது தேன் மாதிரி விழுந்தது. வருஷத்துக்கு 9.6 சதவீதம், வங்கி வட்டி போலத்தானே என்று மனக்கணக்கு போட்டேன். நான்கு லட்சம் கடன், மாதம் 3,200 வட்டி, 60 மாதத்துக்கு 1,92,000. அசலும் சேர்த்து 5,92,000. மாதத் தவணை 9,867.

இதில் உள்ள சூது இதுதான். மாதாமாதம் அசலும் சேர்த்தே கட்டிக்கொண்டு வருகிறேன், கடன் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் வட்டி மட்டும் முதல் நாள் வாங்கிய முழு நான்கு லட்சத்துக்கே ஐந்து வருஷமும் ஓடுகிறது. கடைசி மாதம் நான் தர வேண்டிய அசல் ஆறாயிரத்துச் சொச்சம்தான், அதற்கும் வட்டி 3,200. இதை ஃபிளாட் வட்டி என்பார்கள். வங்கிகள் சொல்லும், குறையும் அசலுக்கான வட்டியாக மாற்றினால் இது 16.6 சதவீதத்துக்கு மேல் வருகிறது. ஃபிளாட்டில் யார் வட்டி சொன்னாலும் ஐந்து வருஷக் கடனுக்கு ஏறக்குறைய முக்கால் பங்கை மேலே கூட்டிப் பாருங்கள், உண்மை வட்டி கிட்டத்தட்ட தெரிந்துவிடும்.

அதோடு விடவில்லை. பிராசசிங் 8,000, டாக்குமென்ட் சார்ஜ் 4,500, கடனுக்கு ஆயுள் இன்சூரன்ஸ் என்று 14,000. மொத்தம் 26,500 கடனிலேயே பிடித்துக்கொண்டார்கள். கடைக்குப் போனது 3,73,500. மீதியை நான் கையிலிருந்து போட்டேன். இந்த இன்சூரன்ஸ் வேண்டாம் என்று சொல்லலாம் என்பதே எனக்குத் தெரியாது. கழித்த காசையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வருஷ வட்டி 20 சதவீதத்தைத் தொடுகிறது.

இது அவர்கள் கொடுத்த காகிதத்திலேயே இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் 1 முதல் இந்த மாதிரிக் கடன் எல்லாவற்றுக்கும் கேஎஃப்எஸ் என்ற முக்கிய விவரத் தாளைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எல்லாச் செலவையும் சேர்த்த வருஷ வட்டியை, ஏபிஆர் என்று, அதில் போட்டே ஆக வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். இன்னொன்று, அந்தத் தாளைப் படித்து யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் உங்களுக்கு உண்டு. "இன்னைக்கே கையெழுத்து போட்டாத்தான் இந்த ரேட்டு" என்பதெல்லாம் அவர்கள் ஆசை. எனக்கு அந்தத் தாள் இங்கிலீஷில், இருபத்துச் சொச்சம் பக்கங்களுக்கு நடுவில் வந்தது. பென்சிலில் டிக் அடித்த இடத்திலெல்லாம் கையெழுத்து போட்டேன். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களைக்கூட வெறுமையாக விட்டுத்தான் நீட்டினார்கள், அதிலும் போட்டேன்.

பின்னால் என் வங்கியில் விசாரித்தேன். பழைய காருக்கு 11.5 சதவீதம், அதே நான்கு லட்சத்துக்கு, அதே ஐந்து வருஷத்துக்குத் தவணை சுமார் 8,800. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம்.

இனிமேல்தான் புதுசு எட்டாது என்ற முட்டாள்தனம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 ஆகக் குறைந்தது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் கடையில் காட்டியது 2023 பில். "புதுசு ஆன்ரோடு 7,60,000 அண்ணாச்சி, உங்களுக்கு ரெண்டு லட்சம் லாபம்." நான் தலையாட்டினேன். நவம்பரில் ஷோரூமில் கேட்டபோது அதே மாடல் 6,95,000 சொன்னார்கள். நான் போட்ட அதே முன்பணத்தைப் போட்டு மீதிக்கு 9.25 சதவீதத்தில் வங்கிக் கடன் எடுத்திருந்தால் தவணை சுமார் 10,620. நான் கட்டுவது 9,867. மாதம் 750 ரூபாய் மிச்சம் பிடிக்கத்தான் இத்தனை கூத்து.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அம்மாவை முன்சீட்டில் ஏற்றி ஊருக்குக் கூட்டிவந்தேன். தீபாவளி நன்றாகவே போனது. நவம்பரில் மழை பிடித்தது. கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டதும் ஒரு வாடை. எலுமிச்சைக்கு அடியிலிருந்து மெல்ல எழும்பிய குளத்து வாடை. வற்றுகிற குளத்தில் இறங்கி மீன் பிடித்தவர்களுக்கு அது தெரியும். அப்புறம் இடது பக்கப் பவர் விண்டோ பாதியில் நின்றது. ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்குக் கதவுப் பூட்டு தானாகவே டக், டக் என்று திறந்து மூடிக்கொண்டிருந்தது. பேய் என்றாள் பெரிய மகள்.

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை இழுத்தார். நாம் பெல்ட் போடும்போது வெளியே வருகிற பகுதி பளிச்சென்று இருந்தது. உள்ளே சுருண்டே கிடக்கும் கடைசி ஒரு முழம் மட்டும் காவியும் சாம்பலுமாக நிறம் மாறி, நடுவில் கோடு போட்டதுபோல ஒரு விளிம்பு. என் கையை எடுத்து அதன்மேல் வைத்துத் தேய்க்கச் சொன்னார். பவுடர் மாதிரி மண் ஒட்டியது.

"தம்பி, இது முங்குன வண்டில்லா" என்றார்.

பிறகு சீட் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் துரு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பின்சீட்டைக் கழற்றி, புது மேட்டையும் அதற்குக் கீழே இருந்த பழைய கார்ப்பெட்டையும் தூக்கியபோது காய்ந்த வண்டல் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. அதற்குள் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு நத்தை ஓடு. டாஷ்போர்டுக்கு அடியில் ஒயர் சாக்கெட்டுகளில் பச்சைப் பூப்பு.

கடைசியாகச் சாவியைத் திருப்பி மீட்டரைப் பார்க்கச் சொன்னார். இஞ்சின் போடுவதற்கு முன் எல்லா எச்சரிக்கை விளக்கும் ஒரு தடவை எரிந்து அணைய வேண்டும். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை. கோளாறு இருந்தால் அந்த விளக்கு அணையாமல் நிற்கும், வாங்குபவர் கேட்பார். அதனால் விளக்கையே அடக்கிவைத்துவிட்டார்கள். இந்த வண்டியில்தான் அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்து நாங்குநேரி நாலுவழிச் சாலையில் எண்பதில் போய்க்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வந்தது வட்டிக்கு இல்லை, இதற்கு.

டிஎன் 69, 2023 ஆகஸ்ட். அப்போதுதான் உறைத்தது. அந்த டிசம்பர் 17, 18 மழையை நாம் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது. இங்கே வண்ணாரப்பேட்டையும் கொக்கிரகுளமும் தண்ணீரில் நின்றன. வண்டிகள் மட்டும் தப்பித்திருக்குமா? ஆர்சியில் இருந்த முகவரி தாமிரபரணிக் கரை ஊர் ஒன்று. வாங்கும்போது அதை வாசித்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைச் சொன்னதும் திரையில் வந்துவிட்டது. 2023 டிசம்பர், வெள்ளச் சேதம், இன்சூரன்ஸில் வேலை. 2025 பிப்ரவரியில் வந்தபோது மீட்டர் 29,870. எட்டு மாதம் கழித்து எனக்கு விற்கும்போது 18,400. பின்னால் ஓடியிருக்கிறது. ஒயரிங்கும் ஏர்பேக் மாட்யூலும் மாற்ற 68,000 எஸ்டிமேட் கொடுத்தார்கள்.

எந்த மெக்கானிக்கும் இல்லாமல் நானே கண்டுபிடித்திருக்கக்கூடிய இடம் ஒன்று இருந்தது. கடையில் கையில் கொடுத்த இன்சூரன்ஸ் பாலிசி. கிளெய்ம் எதுவும் செய்யாத வண்டிக்கு முதல் வருஷம் முடிந்து புதுப்பிக்கும்போது நோ கிளெய்ம் போனஸ் 20 சதவீதம், அடுத்த வருஷம் 25. ஒரே ஓனரிடம் இருந்த 2023 ஆகஸ்ட் வண்டிக்கு 2025 ஆகஸ்ட் பாலிசியில் 25 இருக்க வேண்டும். என் காகிதத்தில் 20 என்று இருக்கிறது. முதல் வருஷம் ஏதோ கிளெய்ம் நடந்திருக்கிறது என்று அந்த ஒரு எண் சொல்கிறது. பழைய பாலிசிகளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்த போனஸ் ஓனருக்கு உரியது, வண்டியோடு நமக்கு வராது. பதினான்கு நாளுக்குள் பாலிசியை நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்காவிட்டால் சொந்த வண்டிச் சேதத்துக்குக் காசு வராது. அதையும் கடையில் யாரும் சொல்லவில்லை.

கடைக்குப் போனேன். அண்ணாச்சி என்று கூப்பிட்ட வாய் சார் என்று கூப்பிட்டது. "நாங்க வாங்கி விக்கிறவங்க சார், எங்களுக்கு என்ன தெரியும்? பார்த்துத்தானே எடுத்தீங்க?" கடன் நிறுவனமோ வண்டிக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை, தவணை தவறினால் அபராதம் என்றது. முன்கூட்டியே அடைத்துவிடலாம் என்றால் அதற்கும் தனிக் கட்டணம்.

1915, தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. மாவட்ட நுகர்வோர் கமிஷனில் இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். ஐந்திலிருந்து பத்து லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். கடன் விஷயத்தை முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் கொடுத்திருக்கிறேன். முப்பது நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மேன், அதற்குப் போன் எண் 14448.

நோட்டீஸ் போனதும் கடையிலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்தார். 40,000 தருகிறோம், ஒரு காகிதத்தில் கையெழுத்து மட்டும் போதும் என்றார். காகிதத்தை வாங்கி முழுசாகப் படித்தேன், முதல் தடவையாக. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வண்டி வேப்பமரத்தடியில் நிற்கிறது. அம்மா மறுபடியும் பஸ்ஸில்தான். மெக்கானிக் அண்ணாச்சி சொன்னபடி உள்ளே எதையும் கழுவவில்லை. கார்ப்பெட்டுக்கு அடியில் பெயர்ந்த மண்ணில் கொஞ்சத்தை அந்த நத்தை ஓட்டோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, தேதி எழுதி, பீரோவில் வைத்திருக்கிறேன்.