நுவரெலியா பேல் பசாரில் நானா கடையும், ஜேம்ஸ் கிரஹமின் மூன்று ஜெர்சிகளும்

நுவரெலியாவுக்கு வருகிறவர்கள் ஒரு தடவையாவது பேல் பசாருக்குள், பேலாக (மூட்டையாக) வந்து இறங்கும் துணிகளை விற்கும் கடை வரிசைக்குள், புகுந்து வெளியே வருவார்கள். குளிருக்கு ஒரு ஸ்வெட்டர், பிள்ளைகளுக்குத் தொப்பி, காசு மிஞ்சினால் ஜாக்கெட். நான் போவது ரக்பி ஜெர்சிக்கு. வரிசையின் உள்பக்கத்தில், மழை வந்தால் தகரத்தின் ஒரு மூலையில் சொட்டுகிற சின்னக் கடை அது. போர்டு கிடையாது. கடைக்காரரை நானா என்று கூப்பிடுவதால் எல்லோரும் நானா கடை என்பார்கள். என்னிடம் இருக்கும் மூன்று நல்ல ஜெர்சிகளும் அங்கே வாங்கியவை. மூன்றும் ஒரே ஆள் விளையாடிய மூன்று கிளப்கள். அதனால் இந்தக் கடையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்த ஆள், இங்கிலாந்து ரக்பி வீரர் ஜேம்ஸ் கிரஹமும் கூடவே வந்துவிடுகிறார்.

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்கிறேன். கண்டியில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் ரக்பி ஆடினேன், முன்வரிசையில் ப்ராப் இடத்தில். அதற்கு முன்னால் சின்ன வயதில் அப்பாவுடன் ரதல்ல மைதானத்து மேட்டில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்திருக்கிறேன். ரக்பியில் இரண்டு வகை. இங்கே நாம் ஆடுவதும் பார்ப்பதும் யூனியன், பக்கத்துக்குப் 15 பேர். கிரஹம் ஆடியது லீக். அதில் 13 பேர். எதிரணி ஆறு தடவை பிடித்து வீழ்த்துவதற்குள், அதாவது ஆறு டேக்கிளுக்குள், முன்னேறிப் புள்ளி எடுக்காவிட்டால் பந்தை எதிரணிக்குக் கொடுக்க வேண்டும். பந்து வெளியே போனால் இரண்டு வரிசையாக நின்று அதைப் பிடிக்கும் லைன் அவுட் இல்லை. ப்ராப்புக்கு அங்கே வேலை என்னவென்றால், எதிரே சுவராக நிற்கும் மூன்று நான்கு பேர் மீது பந்தோடு ஓடி மோதுவது, விழுந்து எழும்புவது, திரும்பவும் ஓடுவது. கைதட்டு கடைசியில் மூலையில் எதிரணிக் கோட்டுக்குள் பந்தை அழுத்தி ட்ரை வைக்கிறவனுக்குப் போகும்.

இந்த லீக் ஆட்டம் பிறந்த கதை தெரிந்த நாளிலிருந்து எனக்கு அது சொந்த ஊர் ஆட்டம் மாதிரி ஆகிவிட்டது. 1895 ஓகஸ்ட் 29, இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரில் ஜோர்ஜ் ஹோட்டலில் வடக்கு நாட்டுக் கிளப்கள் கூடிப் பிரிந்து போக முடிவெடுத்தன. காரணம் கூலி. அங்கே ஆடியவர்களில் பலர் நிலக்கரிச் சுரங்கத்திலும் மில்லிலும் வேலை செய்தவர்கள். சனிக்கிழமை ஆடப் போனால் அந்த நேரத்துச் சம்பளம் போய்விடும். அதை ஈடுகட்டக் கிளப் காசு கொடுக்கலாமா என்பதுதான் சண்டை. தலைமைச் சங்கம் கூடாது என்றது. கொழுந்து நிறை குறைந்து அம்மாவுக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி, விழுந்த நாட்களில் எங்கள் தோட்டத்து லயத்தில் ராத்திரி என்ன பேச்சு நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தச் சண்டையில் நான் யார் பக்கம் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அன்று பிரிந்து வந்த கிளப்களில் ஒன்று செயின்ட் ஹெலன்ஸ். கண்ணாடி செய்யும் ஊர், சுரங்க ஊர். கிரஹம் பக்கத்திலுள்ள மக்ஹல் என்ற இடத்தில் 1985இல் பிறந்தவர். 2003இல் அந்தக் கிளப்புக்கு ஆட வந்தார்.

சரி, கடைக்கு வருகிறேன். முதல் ஜெர்சி 2016இல் கிடைத்தது. நீலமும் வெள்ளையும், சிட்னியின் கன்டர்பெரி புல்டோக்ஸ். பிள்ளைகளின் கம்பளிச் சட்டைக் குவியலுக்கு அடியில் கிடந்தது. யாரோ முதுகில் 10 என்று இலக்கம் ஒட்டியிருந்தார்கள். லீக்கில் அது ப்ராப்பின் இலக்கம். நானா 450 ரூபா சொன்னார். சொல்லும்போதே அக்குளில் ஒரு தையல் விட்டிருந்ததை விரலை விட்டுக் காட்டினார். நான் பார்த்திருக்கவே மாட்டேன். “இத தைச்சிக்கங்க தம்பி, அதுக்குத்தான் 450, இல்லாட்டி 600” என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் இன்றுவரை வேறு கடை தேடவில்லை. அதற்கு முந்தின வருஷம் ஓர் இணையக் கடைக்குக் காசு கட்டிப் புது ஜெர்சி கேட்டேன். ஐந்து வாரம் கழித்து வந்தது வேறொரு கிளப்பின் மெல்லிய நகல். திருப்பி அனுப்பவும் வழியில்லை. அந்த ஏமாற்றத்துக்குப் பிறகு, ஓட்டையைத் தானே காட்டுகிற ஒரு வியாபாரி எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

புல்டோக்ஸ் என்றால் எனக்கு சித்தப்பா மகன் அண்ணன்தான் நினைவுக்கு வருவார். அவர் சிட்னியில் ஹோம்புஷ் பக்கம் இருக்கிறார். நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிற இடம். ஒலிம்பிக் மைதானம் பக்கத்திலேயே. 2012இல் கிரஹம் இங்கிலாந்திலிருந்து புல்டோக்ஸுக்கு வந்தபோது அண்ணன்தான் போனில் சொன்னார்: “உன்னை மாதிரி ஒரு ப்ராப் வந்திருக்கான்டா, ஆனா இவன் ஹாஃப் பேக் மாதிரி பந்து கொடுக்கிறான்.” அது உண்மை, பந்தைப் பகிர்ந்து கொடுப்பது ஹாஃப் பேக்கின் வேலை. மோதப் போகிற கடைசி நொடியில் பக்கத்து ஆளுக்குப் பந்தைத் தட்டிவிடுவார். கண்டியில் படித்த வயதில் எங்கள் பயிற்சியாளரிடம் நான் அப்படிச் செய்திருந்தால் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டிருப்பார்.

அந்த வருஷம் புல்டோக்ஸ் பட்டியலில் முதலாவதாக வந்து, பட்டத்தை முடிவு செய்யும் கிராண்ட் ஃபைனலில் மெல்பேர்னிடம் 14க்கு 4 என்று தோற்றது. அதே ஆட்டத்தில் மெல்பேர்ன் வீரர் பில்லி ஸ்லேட்டரின் காதைக் கடித்ததற்காக கிரஹமுக்கு 12 ஆட்டத் தடை. அதை நான் மறைக்கப் போவதில்லை. அன்று எனக்கு அவர் மேல் கோபம்தான். அண்ணன் ஒரு மாதம் அவர் பேச்சையே எடுக்கவில்லை. 2014இல் திரும்பவும் கிராண்ட் ஃபைனல். ஆட்டம் தொடங்கியதும் சவுத் சிட்னியின் சாம் பர்ஜஸ் பந்தோடு ஓடிவந்து கிரஹமோடு மோதினார். பர்ஜஸின் கன்னத்து எலும்பு உடைந்தது. உடைந்த முகத்தோடு அவர் கடைசிவரை ஆடி, சிறந்த வீரருக்கான பதக்கமும் வாங்கினார். சவுத் சிட்னி 30க்கு 6 என்று வென்றது. 1971க்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் பட்டம். உலகம் முழுக்க பர்ஜஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் மற்றவரின் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் இது அவருக்கு முதல் அடி இல்லை. செயின்ட் ஹெலன்ஸில் 2006இல் இளம் வயதில் மாற்று வீரராக இறங்கி ஒரு கிராண்ட் ஃபைனல் வென்றார். அப்புறம் 2007, 2008, 2009, 2010, 2011, வரிசையாக ஐந்து கிராண்ட் ஃபைனல், ஐந்திலும் தோல்வி. நான்கு தடவை லீட்ஸிடம், ஒரு தடவை விகனிடம். 2008இல் இங்கிலாந்தின் மேல் லீக்கான சுப்பர் லீக்கின் மிகச் சிறந்த வீரர் என்று மேன் ஒஃப் ஸ்டீல் விருதும் அவருக்குத்தான். அந்த வருஷமும் கடைசி ஆட்டத்தில் தோல்விதான். சிட்னியில் இரண்டையும் சேர்த்தால் ஏழு. 2017 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இங்கிலாந்து அவுஸ்திரேலியாவிடம் 6க்கு 0 என்று தோற்றதையும் சேர்த்தால் எட்டு.

இரண்டாவது ஜெர்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்கப் போகிறவர்களுக்கு இது உதவும். 2019இல் ஒரு நாள் நானா வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். வெள்ளைச் சட்டை, நெஞ்சில் பெரிய சிவப்பு வி. “ஒங்கட சட்டை வந்து கெடக்கு” என்று குரல் பதிவு. செயின்ட் ஹெலன்ஸ்தான் என்று அரை நாள் லீவு போட்டு பஸ் ஏறினேன். கையில் எடுத்துப் பார்த்தால் சின்னத்தில் ட்ராகன். அது சிட்னியின் செயின்ட் ஜோர்ஜ் இல்லவாரா. இரண்டு கிளப்புக்கும் வெள்ளையில் சிவப்பு வி. இரண்டின் பெயரும் செயின்ட் என்றுதான் தொடங்கும். தூரத்தில் பார்த்தால் யாரும் ஏமாறலாம். சின்னத்தைப் பாருங்கள், நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள்.

ஆனால் நான் திரும்பி வரவில்லை. கிரஹம் 2018இல் போய்ச் சேர்ந்ததும் அதே கிளப்புக்குத்தான். அந்த வருஷம் அவர்கள் இறுதிச் சுற்றில் பிரிஸ்பேனை 48க்கு 18 என்று அடித்துவிட்டு, அடுத்த வாரமே சவுத் சிட்னியிடம் ஒரே ஒரு புள்ளியில், 13க்கு 12 என்று, வெளியே போனார்கள். 800 ரூபா கொடுத்து வாங்கி வந்தேன். துணி முதலாவதைவிட நல்லது, தோளில் இரட்டைத் தையல்.

கடையின் குறைகளையும் சொல்ல வேண்டும். போட்டுப் பார்க்க இடம் இல்லை. உள்ளே ஒரே ஒரு மஞ்சள் பல்ப், அதில் கரையும் அழுக்கும் தெரியாது. எதையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து பாருங்கள், நானா ஒன்றும் சொல்ல மாட்டார். ஏப்ரல் சீசனில் போகவே போகாதீர்கள், விலையும் ஏறும், நெரிசலில் அவரால் பேசவும் முடியாது. பேல் உடைக்கிற நாளை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு காலையில் போனால் தெரிவு நிறைய. பேல் வாசனை லேசில் போகாது. ஒரு இரவு உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு தடவை அலசி, வெயில் அடிக்கிற நாளில் காயவைக்க வேண்டும். இலக்கம் ஒட்டிய இடத்தில் இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள். என் நீல ஜெர்சியின் 10இல் பூச்சியம் பாதி போனது அப்படித்தான். இந்தத் துணி சீக்கிரம் காயும், ஆனால் நம் குளிரைத் தாங்காது. நான் ஸ்வெட்டருக்கு மேலே போடுகிறேன். பெரும்பாலும் பெரிய அளவுகள்தான் வரும், மெலிந்தவர்கள் தையல்காரருக்கு ஒரு தொகை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

2020 நடுவில் கிரஹம் சிட்னியை விட்டு செயின்ட் ஹெலன்ஸுக்கே திரும்பினார். அந்த நவம்பர் 27, ஹல் நகரில், ஆட்களே இல்லாத மைதானத்தில் கிராண்ட் ஃபைனல். எதிரே விகன். நமக்கு நள்ளிரவு தாண்டிய நேரம். எனக்கு ஸ்டோரில் இரவு வேலை. ரோலர் சத்தத்துக்கு நடுவே போனை சட்டைப் பையில் வைத்து அடிக்கடி எடுத்துப் பார்த்தேன். 80 நிமிஷம் முடியும்போது 4க்கு 4. செயின்ட் ஹெலன்ஸின் டொமி மேக்கின்சன் தூரத்திலிருந்து ஒரு ட்ரொப் கோலுக்கு, பந்தைத் தரையில் விட்டு எழும்போது உதைத்து, முயன்றார், பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்தது. மணி அடித்துவிட்டது, ஆனால் பந்து இன்னும் உயிரோடு. ஜாக் வெல்ஸ்பி பாய்ந்து போய் அதை எல்லைக் கோட்டுக்குள் அழுத்தினார். 8க்கு 4. கிரஹம் ஆடிய கடைசி ஆட்டம் அதுதான். பதினான்கு வருஷத்துக்குப் பிறகு அவருக்கு ஒரு கிராண்ட் ஃபைனல் வெற்றி. நான் கொழுந்து வாட்டுகிற மாடிக்குப் போய், யாரும் பார்க்காத இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஓய்வுக்குப் பிறகு தலையில் வாங்கிய அடிகளைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசுகிறார், மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததையும் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட பிறகு என் மகனைத் தலை குனிந்து டேக்கிள் போக நான் விடுவதில்லை.

உண்மையான செயின்ட் ஹெலன்ஸ் ஜெர்சி 2023இல் வந்தது, 1,750 ரூபா. இந்தத் தடவை நானாவே சின்னத்தைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பினார். விலை ஏறியது அவர் தப்பில்லை, எல்லாம் ஏறிய காலம். காலரில் ஒரு பழைய கறை இருக்கிறது என்று அதையும் தனியாக இன்னொரு படம். பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, காசைக் குறைக்காமல் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது இங்கிலாந்து அணியின் 2017 ஜெர்சிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நானா தன் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் “வெள்ளை, இங்கிலாந்து, லீக், யூனியன் இல்ல” என்று எழுதி, கீழே என் நம்பரையும் போட்டுக்கொண்டார்.