லெஃபெவ்ர் பெயருக்கு வாங்கிய வரலாற்றுப் புத்தகம்: பிரான்ஸ் பகுதி அருமை, எங்கள் பகுதி காணோம்

குடும்பப் பெயரின் பூர்வீகத்தைத் தேடிப் புத்தகமாக அச்சிட்டுத் தரும் ஓர் இணையச் சேவையில் 4,500 ரூபாய் கட்டி, எங்கள் பெயரான லெஃபெவ்ருக்கு (Lefebvre) ஒரு தொகுப்பு வாங்கினேன். தம்பி மகளுக்குத் திருமணப் பரிசாகக் கொடுக்க நினைத்தேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே வேலையைச் செய்பவர்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். பெரம்பூரிலும் ராயபுரத்திலும் ஐரோப்பியக் குடும்பப் பெயரோடு வாழும் வீடுகள் உண்டு. அவர்களில் யாராவது பணம் கட்டும் முன் இதைப் படித்தால் நல்லது.

கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்று, கண்ணாடிச் சட்டம் போட்ட குலச்சின்னம் ஒன்று. சொன்ன வாரத்தில் பெரம்பூர் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தன. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. தாளும் அச்சும் உயர்தரம். இந்த அளவில் குறையில்லை.

பெயரின் பொருளைச் சொல்லும் அத்தியாயம் மிக நன்றாக இருக்கிறது. லத்தீனில் ‘ஃபாபெர்’ என்றால் கைவினைஞர். அது பழைய பிரெஞ்சில் ‘ஃபெவ்ர்’ ஆகி, இரும்படிக்கும் கொல்லரைக் குறித்தது. முன்னால் ‘லெ’ சேர்ந்ததும் ‘அந்தக் கொல்லர்’ என்ற அடையாளம் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. எழுத்தில் நடுவே வந்து வாயில் வராத ‘பி’ எழுத்துக்கும் விளக்கம் தந்திருக்கிறார்கள். லத்தீன் மூலத்தை நினைவூட்டப் பிற்கால எழுத்தர்கள் அதை நுழைத்தார்கள். அந்தக் காலத்தில் ‘யு’வும் ‘வி’யும் ஒரே வடிவில் எழுதப்பட்டதால், அடுத்து வருவது ‘வி’தான் என்று காட்டவும் அது உதவியது. அப்படியும் சிலர் தவறாகப் படித்து ‘லெஃபெபூர்’ என்று இன்னொரு குடும்பப் பெயரே பிறந்துவிட்டது. எங்கள் ரேஷன் அட்டையில் ஒரு விதமாகவும் அப்பாவின் ரயில்வே ஓய்வூதியப் புத்தகத்தில் இன்னொரு விதமாகவும் பெயர் இருப்பதற்காக நான் ஏறி இறங்கிய அலுவலகங்கள் கொஞ்சமல்ல. பிரான்சிலேயே இந்தப் பெயர் இத்தனை விதமாக எழுதப்பட்டது என்று படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வரைபடப் பக்கமும் பிடித்தது. லெஃபெவ்ர் வடக்குப் பிரான்சின் பெயர். பிக்கார்தி, நார்மண்டி, பெல்ஜிய எல்லையை ஒட்டிய நோர் மாவட்டம் ஆகியவைதாம் அதன் கோட்டை. அதே கொல்லர் தெற்கே போனால் ‘லெ’ இல்லாமல் ஃபாப்ர் அல்லது ஃபோர் ஆகிவிடுகிறார். பிரெத்தாஞில் லெ கோஃப், அல்சாஸில் ஷ்மிட். பெயரை வைத்தே ஒருவருடைய முன்னோர் எந்தத் திசை என்று ஓரளவு ஊகிக்கலாம். ஒவ்வொரு ஊரிலும் கலப்பைக்குக் கொழு அடிக்கவும் குதிரைக்கு லாடம் கட்டவும் ஒரு கொல்லர் இருந்தே ஆக வேண்டும். ஒருவருக்கொருவர் உறவில்லாத நூற்றுக்கணக்கான ஊர்களில் இதே பெயர் தனித்தனியாக முளைத்ததற்கு அதுவே காரணம். 1539இல் வில்லேர்-கோத்ரே என்ற அரசாணை ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கட்டாயமாக்கியதையும், பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயர் தரிக்கக் கூடாது என்று 1794இல் புரட்சி அரசு சட்டம் போட்டதையும் சுருக்கமாகச் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இவ்வளவு தெரிந்தவர்கள் அடுத்த அத்தியாயத்தில் ‘அரிய பிரபுக்குலப் பெயர்’ என்று தலைப்பு வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. பிரான்சின் மிகப் பரவலான இருபது குடும்பப் பெயர்களில் லெஃபெவ்ர் ஒன்று. முதலிடத்தில் இருப்பது மார்த்தேன், நம் ஊர் மார்ட்டின்தான். உழைப்பாளியின் பெயர், ஊருக்கு ஊர் பரவிய பெயர் என்பதில் என்ன குறைவு? என் தாத்தா பெரம்பூர் லோகோ ஒர்க்‌ஷாப்பில் இரும்போடு வாழ்ந்தவர். அவர் பேரப்பிள்ளைகளுக்குப் பிரபுப் பட்டம் தேவையில்லை.

குலச்சின்னத்தின் கதையும் அப்படித்தான். சிவப்புப் பின்னணியில் பொன்னிறச் சிங்கம். “அத்தை, இந்தச் சிங்கம் நம்முடையதா?” என்று பெண் ஆசையாகக் கேட்டாள். ‘இல்லை, கண்ணு’ என்று சொல்ல வேண்டியதாயிற்று. சின்னம் என்பது ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்கு அல்லது ஆளுக்கு உரியது. ஒரே பெயர் கொண்ட எல்லோருக்கும் பொதுவான சின்னம் என்று ஒன்று கிடையாது. நெப்போலியனின் தளபதி பிரான்சுவா ஜோசஃப் லெஃபெவ்ர் 1755இல் அல்சாஸில் பிறந்தவர். 1807இல் டான்சிக் நகரை முற்றுகையிட்டுப் பிடித்து அதன் டியூக் ஆனவர். அவரை ‘உங்கள் வழியில் வந்த வீரர்’ என்று முழுப்பக்கப் படத்தோடு அச்சிட்டிருக்கிறார்கள். பெயர் ஒன்றாக இருந்தால் இரத்தமும் ஒன்றாகிவிடுமா?

இனி என் முக்கியமான குறைக்கு வருகிறேன். விண்ணப்பத்தோடு மூன்று ஆவணங்களின் நகல் அனுப்பியிருந்தேன். அவற்றில் ஒன்று எங்கள் முப்பாட்டனார் புதுச்சேரியில் கையொப்பமிட்ட துறப்புப் பத்திரம். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைப்படி, பிரெஞ்சிந்தியாவில் இருந்தவர்கள் தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குக் கீழ் வரலாம். ஒருமுறை துறந்தால் திரும்ப முடியாது. அப்போதே தலைமுறைகளுக்கும் தொடரும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து பதிவு செய்ய வேண்டும். இந்தத் துறப்பு இயக்கத்தின் முன்னோடி வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்ததற்காக 1873இல் தண்டிக்கப்பட்டு, பாரிஸ் வரை போராடி வென்றவர். அவர் லாபோர்த் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். எங்கள் முப்பாட்டனார் லெஃபெவ்ரை எடுத்துக்கொண்டார். பத்திரத்தில் அவருடைய பழைய தமிழ்ப் பெயரும் அருகே புதிய பெயரும் பளிச்சென்று இருக்கின்றன.

எனவே எங்கள் வீட்டில் லெஃபெவ்ர் தொடங்கியது பிக்கார்தியில் அல்ல, புதுச்சேரியின் ஓர் அலுவலக மேசையில். ஏன் அந்தப் பெயர்? ஞானத்தந்தையின் பெயரா, வேலை கொடுத்தவரின் பெயரா, பங்குச் சாமியார் சொன்னதா? இதைத் தேடித் தருவார்கள் என்றுதான் நான் பணம் கட்டினேன். புத்தகத்தில் துறப்பு என்ற சொல்லே இல்லை. அதற்குப் பதிலாக, ‘1746இல் லா பூர்தொனேயின் படையோடு உங்கள் மூதாதை சென்னைக்கு வந்திருக்கலாம்’ என்று ஒரு வரி. அந்த ஆண்டு செப்டம்பரில் லா பூர்தொனேயின் தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்ததும், 1749இல் ஆங்கிலேயரிடம் திருப்பிக் கொடுத்ததும் உண்மை. எங்கள் மூதாதை அந்தப் படையில் வந்தார் என்பதற்குத் துரும்பளவு ஆதாரமும் காட்டவில்லை. கையில் இருக்கும் பத்திரத்தை ஒதுக்கிவிட்டுக் கற்பனைச் சிப்பாயைத் தாத்தாவாக்குவது, தன் பெயரைத் தானே தேர்ந்தெடுத்த ஒரு மனிதரை அழிப்பது போன்றது. சாதிப் பெயரை விட்டு வெளியே வருவதற்கு அன்று எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்!

தொலைபேசியில் கேட்டேன். “மேடம், எங்கள் தொகுப்பு பெயருக்கானது, தனிப்பட்ட குடும்பத்துக்கானது அல்ல” என்று பதில் வந்தது. அப்படியானால் ஆவணங்களை ஏன் கேட்டு வாங்கினார்கள்? பணிவாகத்தான் பேசினார்கள், ஆனால் பணம் திரும்பவில்லை. அடுத்த பதிப்பில் திருத்துவதாகவும் சொல்லவில்லை.

பெயரின் பொருளும் பரவலும் மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் சட்டம் போட்ட சின்னத்தைத் தவிர்த்துவிட்டுப் புத்தகத்தை மட்டும் வாங்கலாம். அதற்கு 1,800 ரூபாய்தான். ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருவேன். புதுச்சேரி, காரைக்கால் வழி வந்த குடும்பங்களுக்கு ஒன்றுதான் கொடுப்பேன். பணம் கட்டும் முன் ‘1881 துறப்பு ஆவணங்களைத் தேடுவீர்களா’ என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

நீங்களே தேடுவதாக இருந்தால், தெற்குப் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்சில் உள்ள கடல்கடந்த பகுதிகளுக்கான தேசிய ஆவணக்காப்பகம் பிரெஞ்சிந்தியாவின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் படமாக்கி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஊரையும் ஆண்டையும் தேர்ந்து பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். கையெழுத்துப் பிரெஞ்சு பழகும்வரை கண் வலிக்கும். தமிழ்ப் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால், ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். முப்பாட்டனாரின் திருமணப் பதிவை நான் அங்கேதான் கண்டுபிடித்தேன். சாட்சிகள் நால்வரில் ஒருவருடைய பெயர் லெஃபெவ்ர். அவர் யார் என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.