லயத்துக் கூரை வேலைக்கு எந்தக் கயிறு?

மலைநாட்டு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், தகரம் மாற்றக் கூரை ஏறுபவருக்கு மூன்று வழிகள் உண்டு: இடுப்புப் பெல்ட், அதிர்வு தாங்கி வைத்த நீளக் கயிறு, ஓரத்துக்கே போகவிடாத குட்டைக் கயிறு. பின்னவை இரண்டும் முழுவுடல் ஹார்னஸில், அதாவது தோளையும் தொடையையும் சுற்றிக் கட்டும் பட்டியில், மாட்டுபவை.

விழுபவரைப் பிடிக்க இடுப்புப் பெல்ட்டை நம்பவே கூடாது. இழுப்பு முழுவதும் வயிற்றிலும் முள்ளந்தண்டிலும் இறங்கும். ஆள் தலைகீழாகப் புரண்டு நழுவவும் கூடும்.

நீளக் கயிறு நல்ல சாமான்தான், ஆனால் அதற்கு உயரம் வேண்டும். கயிறு 2 மீற்றர்; இழுப்பைத் தணிக்கும் மடித்த நாடாவான அதிர்வு தாங்கி பிரிந்தால் இன்னும் 1.75 வரை நீளும். ஹார்னஸின் முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5, பாதுகாப்புக்கு மேலதிகமாக 1. மொத்தம், கட்டிய இடத்துக்குக் கீழே 6.25 மீற்றர் வெற்றிடம். கூரை ஓரம் நிலத்திலிருந்து 3 மீற்றர் என்றால், அங்குள்ள கைமரத்தில் கொக்கி மாட்டியவருக்குக் கயிறு இறுகுமுன்பே கால் தரையில் அடித்துவிடும். பள்ளத்துப் பக்கம் 8 மீற்றர் தெரிந்தாலும் ஏமாறக்கூடாது. இடையில் கல்லுக்கட்டு நீட்டிக்கொண்டிருந்தால் அளவு அதுவரைதான். மூன்று மாடிக் கட்டடத்துக்கு நீளக் கயிறே சரி. தொங்குபவரை உடனே இறக்க ஏணியும் ஆளும் தயாராக இருக்க வேண்டும்.

லயத்துக்குக் குட்டைக் கயிறுதான் எங்கள் தெரிவு. முகட்டிலிருந்து ஓரம் வரை சரிவு 3.5 மீற்றர் என்றால், பாசியில் வழுக்கிப் படுத்தாலும் பாதம் வெளியே போகாதபடி 1.5 கழித்து, கயிறு 2 மீற்றர். பக்கச்சுவர் ஓரத்திலிருந்தும் அதே 3.5 தள்ளியே கட்ட வேண்டும். இதை மறந்துதான் பலர் பக்கவாட்டில் விழுகிறார்கள். எட்டாத ஓரத்துத் தகரத்தைக் கீழே சாரத்தில் நின்று அடிக்கலாம். இடம் மாறும்போது இரண்டாவது கயிற்றை மாட்டிய பிறகே முதலாவதைக் கழற்றுங்கள்.

கட்டுவது முகட்டு வளையில், அதாவது கூரை உச்சியில் ஓடும் மரத்தில்; மழைநீர்ப் பீலியிலோ தகர ஆணியிலோ அல்ல. பழைய மரத்தை ஸ்குரூ ட்ரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அங்கே கட்டாதீர்கள்.

பழைய அஸ்பெஸ்டஸ் சீட் காலடியிலேயே உடையும். அதற்குக் குட்டைக் கயிறும் காவல் இல்லை. மரங்களுக்குக் குறுக்கே பலகை போட்டே நடக்க வேண்டும்.

ஈரச் சிமெந்தின் காரம் பொலியெஸ்டர் நாடாவை அரிக்கும். அன்றைக்கே பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். மழை நாளென்று அடுப்புக்கு மேலே தொங்கவிடக்கூடாது. தையல் பிரிந்த ஹார்னஸை, ஒருமுறை இழுபட்ட அதிர்வு தாங்கியை, இரண்டாக வெட்டிப் போடுங்கள். மூலையில் வைத்தால் நாளை வேறொருவர் எடுத்துக் கட்டிக்கொண்டு ஏறிவிடுவார்.