பழைய வீட்டில் புதிய விளக்கு: இருக்கும் வயரா, புதிய வயரிங்கா?

பழைய வீடுகள் பலவற்றில் கூரை விளக்குக்கு ஃபேஸ், நியூட்ரல் என இரண்டு வயர்கள் மட்டுமே வந்திருக்கும், எர்த் இருக்காது. அங்கே புதிய விளக்கு பொருத்த இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, இருக்கும் வயரிலேயே இரட்டைக் காப்புள்ள, அதாவது தொடுபவரை மின்சாரம் எட்டாதபடி இரண்டு அடுக்கு மின்காப்பு கொண்ட விளக்கை இணைப்பது. சதுரத்துக்குள் சதுரம் வரைந்த குறி உள்ள அத்தகைய விளக்குக்கு எர்த் தேவையில்லை. சுவரையும் உடைக்க வேண்டாம். ஆனால், பல்லாண்டுகள் குண்டு பல்பின் சூடு பட்ட ரப்பர் உறை, மெல்ல வளைத்தாலே பொடியாக உதிர்ந்து செம்பு வெளியே தெரியுமானால், எவ்வளவு தரமான விளக்கை மாட்டினாலும் ஆபத்து கூரைக்குள்ளேயே இருக்கும் என்பதால், இவ்வழியை நான் ஏற்கமாட்டேன். (வயரைத் தொடும் முன் மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்து உறுதிசெய்ய வேண்டும். பழைய வயரிங்கில் சுவிட்ச் நியூட்ரலில் இருப்பதுண்டு. அப்போது அதை அணைத்தாலும் ஃபேஸ் வயரில் மின்சாரம் இருக்கும் என்பதால், அதை அணைப்பது மட்டும் போதாது.)

இரண்டாவது, எர்த்துடன் புதிய வயர் இழுப்பது. செலவும் தூசியும் கூடுதல்; தகுதிபெற்ற எலக்ட்ரீஷியனும் வேண்டும். ஆயினும் எர்த் முனை உள்ள உலோக விளக்குக்கு இதுவே சரி. ஃபேஸ் வயர் நழுவி உலோகத்தைத் தொட்டால், மின்னோட்டம் எர்த் வழியே பாய்ந்து பிரேக்கர் இணைப்பைத் துண்டிக்கும். எர்த் இல்லாவிட்டால், பல்பு மாற்றக் கை வைப்பவரின் உடலே அந்த மின்னோட்டத்துக்கு வழியாகிவிடும்.