கோத்தகிரி குழுக் கடை: தவிட்டுப்பழ ஜாம், சுக்குப் பொடி, அப்புறம் அந்தத் தைலம்

கோத்தகிரி மார்க்கெட்டிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கினால் மகளிர் சுய உதவிக் குழு ஒன்று நடத்தும் சின்னக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. பச்சைத் தகர ஷெட், வாசல் பெஞ்சில் ஜாம் பாட்டில்கள், அதுதான் அடையாளம். மார்கழிப் பனிக்கு ஊட்டி, குன்னூர் வருகிறவர்கள் வர்க்கியும் சாக்லேட்டும் வாங்கி முடித்தபிறகு, குளிருக்கு உடம்புக்கு நல்லதாக ஏதாவது வாங்கலாமா என்று கேட்பார்கள். நான் இந்தக் கடையைத்தான் சொல்வேன். ஆனால் அலமாரியில் இருக்கும் எல்லாவற்றையும் அல்ல, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் தவிட்டுப்பழ ஜாம், 250 கிராம் பாட்டில் 180 ரூபாய். தெரியாதவர்களுக்கு: தவிட்டுப்பழம் கொய்யா, நாவல் குடும்பத்தைச் சேர்ந்த புதர்ச்செடி, மலையில் வேலியோரத்திலும் புல்வெளி ஓரத்திலும் இளஞ்சிவப்புப் பூவோடு நிற்கும், இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் மெத்தென்று வெளுப்பாக இருக்கும், பழம் கருநீலம், தின்றால் நாக்கும் பல்லும் ஊதாவாகிவிடும். பனிக்காலத்தில் பழம் கிடைக்காது, அதற்கு முன்பே சீசன் முடிந்துவிடும். அதனால் பழம் வரும்போதே ஜாமாகக் காய்ச்சி வைத்துவிடுகிறார்கள். நம் நாட்டு விதிப்படி ஜாம் என்று விற்பதில் பழம் குறைந்தது 45 சதவீதம் இருக்க வேண்டும். இவர்கள் கிலோ பழத்துக்கு முக்கால் கிலோ சர்க்கரை போடுவதாகச் சொன்னார்கள், சாப்பிட்டுப் பார்த்தாலும் அது தெரிகிறது. கலர் போடவில்லை, எசன்ஸ் வாசனை இல்லை. விதையை முழுதாக வடிகட்டாமல் விட்டிருப்பதால் அத்திப்பழம் சாப்பிடுகிற மாதிரி பல்லில் நறநறக்கும். எனக்கு அது பிடிக்கும், பிடிக்காதவர்களும் இருப்பார்கள். ஸ்பூனைச் சாய்த்தால் ஓடாமல் மெதுவாக வழுகி விழுகிற பதம். சூடான ராகிக் களி, தோசை, சப்பாத்தி எதோடும் போகும்.

அடுத்தது ஊசிக்களா சிரப். முள்செடியில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் புளிப்புப் பழம், இந்த மலைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பறித்துத் தின்பது. வெந்நீரில் இரண்டு ஸ்பூன் விட்டுக் குடித்தால் புளிப்பும் இனிப்பும் லேசான துவர்ப்புமாக நன்றாகவே இருக்கிறது. ஆனால் வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் இதை எதிர்ப்புச் சக்தி மருந்தாக நினைத்துக் கேட்கிறார்கள். அந்த நினைப்பு மேற்கிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். இரண்டாம் உலகப்போர் நேரத்தில் ஆரஞ்சு இறக்குமதி நின்றுபோன இங்கிலாந்தில் வேலிகளில் காய்க்கும் காட்டு ரோஜாக் காய்களை ஊர் ஊராகப் பறிக்கச் சொல்லி வைட்டமின் சி சிரப் காய்ச்சினார்கள், அது உண்மையிலேயே பிள்ளைகளுக்கு உதவியது. எல்டர்பெர்ரி என்ற சின்னக் கருநிறப் பழத்தின் சிரப்பும் அங்கே குளிர்காலப் பழக்கம், அந்தப் பழத்தைப் பச்சையாகத் தின்னாமல் காய்ச்சித்தான் குடிப்பார்கள். நமக்கு அந்தத் தட்டுப்பாடு எங்கே இருக்கிறது? ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் சி ஒரு கொய்யாப்பழத்திலேயே வந்துவிடும், நெல்லிக்காயும் மார்க்கெட்டில் குவிந்து கிடக்கிறது, காய்ச்சும்போது அந்த வைட்டமினில் ஒரு பங்கு போயும் விடும். கடை அக்காவிடம் சளிக்குக் கேட்குமா என்று கேட்டதற்கு, "மருந்துன்னு சொல்லி விக்க மாட்டோம் கண்ணு, பழச்சாறுன்னு நெனச்சு வாங்கிக்கோ" என்றார். இந்த நேர்மைக்காகவே இவர்களிடம் வாங்கலாம். சர்க்கரை நோய் இருப்பவர்கள் மட்டும் சிரப்பை விட்டுவிடுங்கள்.

இப்போது சுக்குப் பொடி. என்னைக் கேட்டால் இந்தக் கடையின் உயிரே இதுதான். சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம், அவ்வளவுதான். சுக்கு கூடலூர்ப் பக்கம் விளைந்த இஞ்சி, மிளகும் அங்கே சில்வர் ஓக் மரத்தில் ஏறுகிற கொடியிலிருந்து வருவது. அதிமதுரம் மட்டும் வெளியிலிருந்து வாங்குகிறார்கள். சுக்கின் மேல்தோலைச் சுரண்டிவிட்டுத்தான் இடிக்கிறார்கள், பொடியின் நிறத்திலேயே தெரியும், சாம்பல் படியாமல் வெளிர் மஞ்சளாக இருக்கிறது. இரண்டு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் போட்டு ஒரு டம்ளராகச் சுண்டவிட்டு, கருப்பட்டி தட்டிப் போட்டு வடிகட்டிக் குடிக்க வேண்டும். முதல் வாயில் மிளகு, விழுங்கும்போது தொண்டையின் அடியில் சுக்கு, அப்புறம் வெகு நேரம் நாக்கில் அதிமதுரத்தின் இனிப்பு. இஞ்சி காயும்போது அதிலுள்ள ‘ஜிஞ்சரால்’ என்ற காரப்பொருள் ‘ஷோகாவோல்’ என்ற இன்னும் காரமான பொருளாக மாறுகிறது, பச்சை இஞ்சியைவிடச் சுக்கு சுள்ளென்று இருப்பது அதனால்தான். இந்தக் காரம் சூட்டை உணரும் நரம்பு முனைகளையே தூண்டுகிறது, அதனால்தான் விடிகாலை ஐந்து மணிக்கு விரல் மரத்துப்போயிருக்கும் குளிரிலும் ஒரு டம்ளர் உள்ளே போனதும் இதமாக இருக்கிறது. காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நின்றாலோ மூச்சு இரைத்தாலோ பொடியை நம்பி உட்காராமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

பொடியில் எனக்கு இரண்டு குறை. ஒன்று, அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும், அதைப் பற்றி லேபிளில் ஒரு வார்த்தை இல்லை. எங்கள் அம்மா பிபி மாத்திரை சாப்பிடுகிறவர். அதிமதுரம் இல்லாமல் தனியாக இடித்துத் தர முடியுமா என்று கேட்டேன், மறுநாளே இடித்துக் கொடுத்தார்கள், விலை கூடக் கேட்கவில்லை. பிபி, இதயம், சிறுநீரகம் என்று ஏதாவது இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் இப்படிச் சொல்லி வாங்குங்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். இரண்டாவது, பிளாஸ்டிக் தடை உள்ள மாவட்டம் என்பதால் வெண்ணெய்த்தாள் கவரில் மடித்துத் தருகிறார்கள், சரி, நல்லதுதான், ஆனால் இந்த மலையின் பனிமூட்ட ஈரத்துக்குப் பொடி ஒரே வாரத்தில் கட்டி தட்டிப்போகிறது. ஈரமில்லாத கண்ணாடி பாட்டில் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்விடுங்கள்.

தைம், ரோஸ்மேரி என்ற வாசனை இலைகளைக் காயவைத்த பாக்கெட்டும் உண்டு, இரண்டும் இந்த மலையிலேயே விளைவது. குடிப்பதற்கென்றால் தைமைக் கொதிக்கவிடாமல் வெந்நீர் ஊற்றி மூடி வையுங்கள், இல்லாவிட்டால் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும்.

தைலம் விஷயத்தில் எனக்கு நிஜமாகவே கோபம். நீலகிரித் தைலத்தோடு விண்டர்கிரீன் தைலமும் விற்கிறார்கள். முட்டிவலிக்கும், குளிரில் பிடித்துக்கொண்ட தோளுக்கும் மேலே தேய்க்க நல்லதுதான். ஆனால் விண்டர்கிரீன் தைலத்தில் கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்த பொருள். ஒரு டீஸ்பூன் உள்ளே போனால் இருபதுக்கு மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம், குழந்தையின் உயிரையே எடுத்துவிடும். அதைப் போய் ஊசிக்களா சிரப் ஊற்றும் அதே பழுப்பு பாட்டிலில், அதே மூடியோடு, அதே தட்டில் வைத்திருந்தார்கள். எச்சரிக்கை ஒரு வரி கிடையாது. சொன்னதும் தைலத்தை மட்டும் வேறு தட்டுக்கு மாற்றினார்கள், பாட்டில் இன்னும் மாறவில்லை. மாறும்வரை சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதை வாங்காதீர்கள். நீலகிரித் தைலத்தையும் குழந்தையின் மூக்கில் தடவாதீர்கள், வாய்க்குள் போனால் வலிப்பு வரலாம். கடையில் தேனும் இருக்கிறது, ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் துளிகூடக் கொடுக்கக் கூடாது.

ஜாம் பிடித்துப்போய் வேலியில் தெரிகிற பழத்தையெல்லாம் நீங்களே பறிக்கக் கிளம்ப வேண்டாம். உண்ணிச்செடியின் பச்சைக்காய் நஞ்சு, மஞ்சள் பூப் பூக்கும் செஸ்ட்ரம் புதரின் வெள்ளைப் பழமும் நஞ்சு, இரண்டும் இங்கே தவிட்டுப்பழத்தைவிட அதிகமாக மண்டிக் கிடக்கின்றன. காப்புக் காட்டுக்குள் கைவைத்தால் வனத்துறையிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கூரியர் அனுப்புவதில்லை. ஜிபே உண்டு, ஆனால் டவர் கிடைக்காத நாளும் உண்டு, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மதியம் சாப்பாட்டுக்கு மூடிவிட்டு மூன்று மணிக்கு மேல்தான் திறப்பார்கள். பொங்கலுக்குப் பிறகு போனால் ஜாம் அநேகமாகத் தீர்ந்திருக்கும், பொடி எப்போதும் கிடைக்கும்.